கைத்துப்பாக்கியும் கவ்வாத்துக் கத்தியும்

அமெரிக்காவிற் குடியேறி நெடுங்காலமாகிவிட்ட நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் இரத்தினபுரிக்கு வந்திருந்தபோது என்னிடம் ஒரு செய்தி கூறினார். அந்நாட்டிலே துவக்குக் கம்மியத்தை ஓய்வுநேரக் கலையாகப் பயிலும் அன்பர்கள் பலர் உளர். அவர்களிற் சிலர் ஒன்றுகூடி, ஒரேயொரு கைத்துப்பாக்கியை எடுத்து, ஆளுக்கொரு பகுதியாக அதனைச் செப்பஞ்செய்வர். ஒருவர் குழலைப் பொருத்துவார். இன்னொருவர் விசையைச் சீர்ப்படுத்துவார். வேறொருவர் பிடிக்கு மரம் இழைப்பார். ஒருவர் சித்திரம் வெட்டுவார். ஒருவரும் கூலி பெறார். முடிந்த பொருளை அதிர்ஷ்டலாபச் சீட்டுக் குலுக்கி ஒருவருக்குக் கொடுத்து, திரண்ட பணத்தை நோயுற்ற குழந்தைகளுக்கோ, ஆதரவற்ற குடும்பங்களுக்கோ அனுப்பிவிடுவர். இதனைச் சொல்லிவிட்டு நண்பர், “நம்மவர்கள் இப்படி ஏதேனும் செய்ததுண்டா?” என்று வினவினார். எனக்கு உடனே விடை வரவில்லை. விழா மலருக்கு ஏதேனும் எழுதுக என மலர்க்குழுவினர் பணித்தபோது, அந்த விடையையே எழுதலாமென்று துணிந்தேன்.

முதலில் அவர்கள் செய்யும் வேலையின் தன்மையை அறிந்துகொள்ளல் நன்று. இவ்வன்பர்கள் பெரிதும் விரும்புவது ஜோன் மோசஸ் பிரௌனிங் என்னும் அமெரிக்கர் அமைத்த கைத்துப்பாக்கியாகும். அமெரிக்கப் படை 1911ஆம் ஆண்டில் அதனை ஏற்று, 1985 வரை தன் பொதுப் படைக்கலமாக வைத்திருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இப்பொருளை இன்றும் விடாது பற்றியிருப்பதற்குக் காரணம், அதன் உறுப்புக்கள் அரத்துக்கும் கைக்கும் இணங்குவனவாய் இருப்பதே. தொழிற்சாலையில் திரளாகச் செய்த உறுப்புக்கள் ஒன்றோடொன்று சற்றுத் தளர்வாகவே பொருந்தும்; சேறு புகுந்தாலும் இயங்கவேண்டுமென்பது படையின் நோக்கம். கைவல்ல கம்மியனோ, மேலே முன்னும் பின்னும் ஓடும் உறையைச் சட்டத்தின் மீது இழைத்து இழைத்து, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் ஓடச் செய்கிறான். பிடியின் முன்புறத்து உருக்கிலே, கை வழுக்காதிருக்கும்பொருட்டு, ஓர் அங்குலத்தில் இருபது அல்லது இருபத்தைந்து கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக விழும்படி அரத்தாற் கீறுவதுண்டு. ஒரு கோடு பிசகினால் அத்தனை நாள் உழைப்பும் பாழ். கடைசியாக, நீலநிறம் ஏற்றுபவர் கையில் அது சேர்கிறது. தமக்கு முன்னே தொட்டவர்கள் விட்ட சிறு கீறலும் அந்த நீலத்திலே தெரிந்துவிடுமாதலால், எல்லாருடைய குற்றங்களையும் அறிபவர் அவரே என நண்பர் சிரித்துக்கொண்டு சொன்னார்.

என் மனத்தைக் கவர்ந்தது துப்பாக்கியன்று, அந்த ஒழுங்கு. நாம் தருமத்துக்குக் கொடுக்கும்போது பெரும்பாலும் பணமாகவே கொடுக்கிறோம். பணத்திலே கொடுத்தவனின் பெயர் தனியாக நிற்கும். நன்கொடைப் பட்டியலில் மேலே நிற்பதற்குக்கூடச் சிலர் முயல்வதைக் கண்டிருக்கிறோம். பலர் கைபட்ட ஒரு பொருளிலோ, எவருடைய கை எங்கே முடிந்தது என்று பிரித்துச் சொல்லுதல் அரிது. குழலைப் பொருத்தியவர், பிடியை இழைத்தவர் பிழைவிட்டால் தம் உழைப்பும் கெடுமென அறிந்தே தம் பங்கைச் செய்கிறார். நூறு ரூபாய்ச் சீட்டு வாங்குபவனும் அதிற் சேர்ந்துகொள்கிறான்.

இது நம் நாட்டுக்குப் புதியதோ? அன்று. கண்டி மன்னனுக்கு லெவ்கே திசாவை 1745ஆம் ஆண்டளவிற் காணிக்கையாக அளித்த சிறு பீரங்கியைப் பலர் கேள்விப்பட்டிருப்பர். அக்காலத்தில் அரியணையில் இருந்தவன் மதுரை நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விஜய ராஜசிங்கன். வெண்கலக் குழலின் மீது பொன்னும் வெள்ளியும் போர்த்து, சிவப்புக் கற்கள் இழைத்து, சூரிய சந்திரரும் சிங்கமும் பொறித்த அப்பொருள் ஒரு கையின் வேலையாக இருத்தல் இயலாது. வார்ப்பவன், தட்டான், கல் பதிப்பவன், சித்திரம் வெட்டுபவன் ஆகிய எல்லாரும் கூடிச் செய்த கொடைப்பொருள் அது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி மாளிகையைச் சூறையாடியபோது அதனையும் கொண்டுசென்றனர். ஆம்ஸ்ரடாம் ரைக்ஸ் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்துவிட்டு, வேறு ஐந்து பொருள்களுடன் 2023 டிசம்பரில் அது கொழும்புக்கு மீண்டது. தேசிய நூதனசாலைக்குச் செல்லும் அன்பர்கள் அதன் முன்னே சற்று நின்று பார்ப்பார்களாக. சுடுவதற்கென்று செய்த பொருளாக அது எனக்குத் தோன்றவில்லை.

உருக்குத் தொழிலைப் பற்றியோவெனில், சப்பிரகமுவையார் வேறெங்கும் கற்கப் போகவேண்டியதில்லை. பலாங்கொடைக்கு அப்பாலுள்ள சமனலவெவ மலைச்சரிவுகளிலே, மேற்கு நோக்கியமைந்த உலைகளின் அடித்தளங்கள் வரிசை வரிசையாகக் கிடந்தன. நீர்த்தேக்கம் அமைக்கு முன்னர் அவற்றை அகழ்ந்தாய்ந்தவர் கில் ஜூலெஃப் என்னும் ஆங்கிலப் பெண்மணி. துருத்தி ஊதாமலே, தென்மேற்குப் பருவக்காற்றை மட்டும் துணைக்கொண்டு, கி.பி. ஏழாம் நூற்றாண்டு முதலாக இங்கு உயர்தர உருக்கு எடுக்கப்பட்டதென்பதை அவர் தாமே அத்தகைய உலையொன்றை அமைத்து மூட்டிக் காட்டி, 1996இல் உலகறிய எழுதினார். பருவக்காற்றை நாம் ‘கூரையைப் பிய்க்கும் சனியன்’ என்று வைதுகொண்டிருக்க, முன்னோர் அதனை உலைக்கு ஊழியம் செய்யவைத்தனர்.

அவருக்கு முன்னரே இத்தொழிலின் மாண்பை உணர்ந்தவர் ஒரு தமிழர் மகன். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்தவர். கல்லைத் தேடிப் பலாங்கொடைப் பக்கம் வந்தவர், கம்மியரைக் கண்டு தொழிலையே மாற்றிக்கொண்டார் என்று சொன்னாலும் பொருந்தும். அருகிவந்த இரும்புத் தொழிலின் முறைகளைக் குறித்துவைத்து, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை இங்கிலாந்திலே தம் சொந்த மேற்பார்வையில் அச்சிட்டு வெளியிட்டார். அச்சிட்ட படிகள் 425 மாத்திரமே. அந்நூல் வெளிவந்த ஆண்டிலே நம் ஊர்களில் இரும்பு கப்பலேறி வந்துகொண்டிருந்தது, உலைகள் அணைந்துவிட்டன.

ஆகவே நம்மிடத்தில் கை இருந்தது. கொடுக்கும் மரபும் இருந்தது. அங்ஙனமாயின் நாமும் ஒரு கைத்துப்பாக்கி செய்து சீட்டுக் குலுக்கலாகாதோ என்று எவரேனும் கேட்பராயின், ஆகாது என்பதே என் துணிபு. சட்டத்தைக் காரணங் காட்டுதல் எளிது: 1916ஆம் ஆண்டுத் துவக்குக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமம் இன்றித் துவக்குச் செய்தலும் வைத்திருத்தலும் குற்றம். ஆனால் சட்டம் இடந்தந்தாலும் யான் உடன்படேன்.

துவக்குச் சுடும் விளையாட்டை இகழ்பவனல்லன் யான்; 1896இல் ஏதென்சில் நடந்த முதலாவது புதிய ஒலிம்பிக்கிலேயே அதற்கு இடமிருந்தது. அமெரிக்க அன்பரின் கையில் அப்பொருள் பாட்டன் காலத்து நினைவாக இருக்கலாம். அவருக்கு அது துவக்கின் பிடிப்பக்கம். சப்பிரகமுவைத் தோட்டத்தார் அறிந்ததோ மறுபக்கம். 1971 ஏப்ரலில் கிளர்ச்சி மூண்டபோது கேகாலை மாவட்டம் அதன் நடுவில் அகப்பட்டது. பட்டறைகளிற் செய்த நாட்டுத் துவக்கும், வீடுகளில் பறித்த வேட்டைத் துவக்கும் கொண்டு இளைஞர் எழுந்தனர். அவர்களை அடக்க வந்தவர்களிடம் மேலான துவக்குகள் இருந்தன. இரு பக்கத்திலும் செத்தவர்கள் பெரும்பாலும் ஏழைவீட்டுப் பிள்ளைகள். 1981 ஒகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளிலே லயங்கள் தாக்கப்பட்டபோது, தேயிலைச் செடிகளுக்கிடையில் இரவைக் கழித்தவர்கள் இம்மலரை வாசிப்போரிலும் இருத்தல் கூடும். வெடியோசை கேட்டால் அது எத்திசை, எவ்வளவு தூரம் என்று கணக்கிடும் பழக்கம் அவர்களை விட்டு இன்னும் நீங்கவில்லை.

இவை பழங்கதை என்பார்க்கு, கட்டுத்துவக்கை நினைவூட்டுகிறேன். காட்டுப்பன்றிக்கென்று ஒற்றையடிப் பாதையிலே கம்பி கட்டிவைக்கும் அப்பொருளும் ஓய்வுநேரக் கைவேலைதான். நீர்க்குழாயும் ஆணியும் கொண்டு செய்வது. என் பிள்ளைப் பருவத்திலே, விறகுக்குப் போன பக்கத்து லயத்துப் பையன் ஒருவனை நால்வர் சாக்குப் படங்கிலே தூக்கிவந்தனர். முழங்காலுக்குக் கீழே வெடித்திருந்தது. அவன் பின்னர் கோலூன்றி நடந்தான். மலையேறிக் கொழுந்துக்குப் போகவில்லை. அதைச் செய்தவனும் கைவல்லவனே. இந்த நினைவோடு யான் எப்படி ஒரு துப்பாக்கிக்குச் சீட்டு விற்பேன்?

ஒழுங்கை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிடுவோம் என்பதே என் கருத்து. அப்படியாயின் எதைச் செய்வது? குத்துவிளக்கு என்று சொன்னால் எல்லாரும் தலையசைப்பர்; தலையசைத்துவிட்டு மறந்தும் விடுவர். விளக்கு வாங்கக் கடை உண்டு. பாக்குவெட்டி செய்யலாமென்று சிலகாலம் எண்ணியிருந்தேன். இரும்பிலே வெள்ளியும் பித்தளையும் இழைத்த கண்டிநாட்டுப் பாக்குவெட்டிகளின் அழகு சொல்லில் அடங்காது. பொருத்தும், சுழலச்சும், கூரும் எல்லாம் ஒரு துப்பாக்கியின் நுட்பத்துக்குக் குறைந்தனவல்ல. தமிழர் வீட்டிலும் சிங்களர் வீட்டிலும் ஒருங்கே இருப்பது. ஆனால் நம்மவருள் மருத்துவராயுள்ள ஒருவர் கடிந்துகொண்டார். வெற்றிலை பாக்குப் புகையிலையினால் வாய்ப்புற்று வந்து தோட்டத்து ஆண்களும் பெண்களும் மாள்வதைத் தாம் நாள்தோறும் காணும்போது, அதற்கு ஒரு பொற்கருவி செய்து கொண்டாடுவதா என்றார். அவர் சொல் நியாயமே. விட்டுவிட்டேன்.

கவ்வாத்துக் கத்தி என்பதே இப்போது என் முடிவு. மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டி மறுபடி துளிர்க்கவைக்கும் அக்கத்தியை அறியாதார் நம்முள் இரார். வெட்டு ஒரே வீச்சில், சாய்வாக, பிளவுபடாமல் விழவேண்டும். பிளந்தால் அடிமரம் அழுகும். அதற்கேற்பவே அலகின் வளைவும் எடையும் அமைந்துள்ளன. என் தந்தையார் தம் கத்தியைப் பிறர் தொட விடார். ஆயுத பூசையன்று தொழிற்சாலை இயந்திரங்களுக்குச் சந்தனம் பூசுமுன்னர், லயத்து வாசலில் அக்கத்திக்கே பொட்டு வைப்பார். அதனை இறக்கிவைத்த கை என் கல்லூரிக் கட்டணத்தை எண்ணிக் கொடுத்தது. இக்கத்திக்கு எந்த நூதனசாலையிலும் கண்ணாடிப் பேழை இட்டதாக யான் கேட்டிலேன். கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தார் பால்வெட்டும் கத்தியே வேண்டுமென வாதிடக்கூடும். அடுத்த முறை அதைச் செய்வோம்.

வாகனத்து வில்தகடே நம் கொல்லர் நன்கறிந்த உருக்கு; அதனை அடித்து, தோய்த்து, அலகு ஆக்குக. பிடிக்குக் கருங்காலி. அலகின் அடியிலே வெள்ளிப் பூண். அதில் இரத்தினபுரியில் வில்லால் சுழற்றும் சாணையில் பட்டை தீட்டிய நீலக்கல் ஒன்று, பெரிதாக வேண்டியதில்லை. சிங்களக் கொல்லரும் தமிழ்த் தட்டாரும் முஸ்லிம் கல்வெட்டுநரும் கைவைத்தால் இன்னும் நன்று. இரத்தினக் கல் தொழிலில் அவர்கள் ஏற்கெனவே ஒருவரை ஒருவர் நம்பியே பிழைக்கின்றனர்.

பணம் எதற்கு என்பதில் எனக்கு ஐயமில்லை. சப்பிரகமுவையிலே உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகளை விரல்விட்டு எண்ணலாம். சாதாரணதரத்தில் திறமைச் சித்தி பெற்ற தோட்டத்துப் பிள்ளை, தன் விருப்பத்தைக் கைவிட்டு அருகில் உள்ள பாடத்தைப் படிக்கிறது. அல்லது வேற்றூர் விடுதிக்குச் செலவில்லாமல் நின்றுவிடுகிறது. ஒரு கத்தி எத்தனை பிள்ளைகளை விடுதியில் வைக்கும் என்று நகைப்பவர் இருப்பர். ஒன்றிரண்டு பேரை வைக்கும். எனக்கு வைத்தது ஒரு கத்திதான்.

அதிர்ஷ்டலாபச் சீட்டுக்கு உரிய அனுமதியைப் பெறுதல் சங்கச் செயலாளரின் பொறுப்பு. கருங்காலித் துண்டொன்று என் வீட்டில் பழைய கதவுநிலையிலிருந்து எடுத்தபடி கிடக்கிறது. கல் தருவதாக ஒருவரும், பட்டை தீட்டுவதாக இன்னொருவரும் வாக்களித்துள்ளனர். வெள்ளி வேலைக்கும் ஆள் உண்டு. அலகு அடிக்கும் கொல்லர் ஒருவர் இன்னும் கிடைக்கவில்லை; அறிந்தவர்கள் பொதுக்கூட்டத்துக்கு முன்னர் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.