கிரான்வெல்லின் பின்வாசல்

ராணுவப் பயிற்சிக்கூடங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் சிற்றிதழ் நண்பர்களில் ஒருவர் டி.இ. லாரன்ஸின் 'தி மின்ட்' நூலை எடுத்து வீசுவது வழக்கமாகிவிட்டது. மனிதனை உருக்கி ஒரே முத்திரையில் நாணயமாக அடித்துத் தள்ளும் சாலை அது என்பது வாதம். அவர்கள் முதல் இரண்டு பாகங்களோடு புத்தகத்தை மூடிவிட்டார்களோ என்பது என் ஐயம்.

அவ்விரு பாகங்களும் 1922இல் லாரன்ஸ் புனைபெயரில் கடைநிலை வீரராகச் சேர்ந்த அக்ஸ்பிரிட்ஜ் முகாமைப் பற்றியவை. மூன்றாம் பாகத்தின் களம், 1925-26இல் அவர் பணியாற்றிய கிரான்வெல் விமானப்படைக் கல்லூரி. அங்கே அவர் மகிழ்ச்சியாகவே இருந்தார். உடனே கல்லூரியின் புகழ்பாடிகள் இந்த மகிழ்ச்சியைத் தங்கள் வரவில் எழுதிக்கொள்வார்கள். அதுவும் நேர்மையல்ல. அவர் அங்கே மாணவரல்லர். மாணவர்கள் ஓட்டிய விமானங்களைப் பராமரித்த எடுபிடிகளில் ஒருவர்.

ஒரு கல்லூரி மனிதனை அரைக்கிறதா, வளர்க்கிறதா என்று இரு தரப்பும் சண்டையிடுகின்றன. யாரை உள்ளே விட்டது என்று எவரும் கேட்பதில்லை.

லிங்கன்ஷயரின் ஆளரவமற்ற வெளியில் 1916இல் பிரிட்டிஷ் கடற்படை தன் விமானிகளுக்காக அமைத்த தளம் கிரான்வெல். 1920 பிப்ரவரியில் டிரென்சார்ட் அங்கே கல்லூரியைத் தொடங்கினார். விமானப்படையைப் பிரித்துத் தரைப்படைக்கும் கடற்படைக்கும் பங்கிட்டுவிடலாம் என்ற குரல்கள் லண்டனில் ஓங்கியிருந்த காலம் அது. சொந்தமாக அதிகாரிகளை உருவாக்காத படை இரவல் அதிகாரிகளிடம் கரைந்துபோகும் என்பதை அவர் அறிந்திருந்தார். தொலைநோக்குதான், மறுக்கவில்லை. ஆனால் முன்வாசலில் கட்டணம் இருந்தது. பணம் கட்டவேண்டியவர்கள் பெற்றோர். எனவே வந்தவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பிள்ளைகள்.

இந்தியருக்கு 1930 வரை அந்த வாசலும் இல்லை. மோதிலால் நேருவும் ஜின்னாவும் அங்கம் வகித்த ஸ்கீன் குழு பரிந்துரைத்த பிறகே கதவு திறந்தது. அன்று நுழைந்த சிலரில் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி, 1954இல் இந்திய விமானப்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரானார். அதுவரை தகுதியானவர் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லவேண்டாம். 1918லேயே இந்திரலால் ராய் ஐரோப்பிய வானில் பிரிட்டனுக்காகப் போரிட்டு மடிந்திருந்தார்.

பின்வாசல் ஒன்றும் இருந்தது. தொழிற்பயிற்சிச் சிறுவர்களில் மிகச் சிலருக்கு மட்டும் ஆண்டுதோறும் கல்லூரியில் இடம். பிராங்க் விட்டில் வந்தது அவ்வழியே. உயரம் போதாதென்று விமானப்படை முதலில் திருப்பியனுப்பிய சிறுவன் அவர். 1923இல் ஒருவாறு தொழிற்பயிற்சிக்குள் புகுந்து, 1926இல் கல்லூரி மாணவரானார். மிக உயரத்தில், அன்றைய விமானங்களுக்கு எட்டாத வேகத்தில் பறப்பதைப் பற்றி 1928இல் அங்கே ஓர் ஆய்வுரை எழுதினார். அந்தச் சிந்தனை ஜெட் என்ஜினாக முதிர்ந்தது. 1930இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1935இல் அதைப் புதுப்பிக்க 5 பவுண்டு தேவைப்பட்டது. அவரிடம் இல்லை. அரசின் விமானத்துறை தர மறுத்தது. காப்புரிமை காலாவதியானது.

1941 மே 15 அன்று, விட்டிலின் என்ஜினைத் தாங்கிய முதல் பிரிட்டிஷ் ஜெட் விமானம் 17 நிமிடங்கள் பறந்தது. அது எழுந்ததும் இறங்கியதும் கிரான்வெல் ஓடுதளத்தில்.