சந்தேகப்படும் உரிமை

உடம்பு பருத்தவர்களுக்குப் புத்தி சொல்வதற்கு நம் நாட்டில் யாருக்கும் லைசென்ஸ் தேவையில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் சொல்லலாம். கல்யாணப் பந்தியில் அடுத்த இலைக்காரர் சொல்லலாம். ஜவுளிக்கடைச் சிப்பந்தி ரவிக்கைத் துணியைக் கிழித்துக்கொண்டே சொல்லலாம். "கொஞ்சம் வாயைக் கட்டுங்களேன்" என்ற இந்த இலவச மருந்தை இருபது வருஷம் உட்கொண்டும் இளைக்காத ஒரு பெண்மணி, கடைசியில் ஒரு டாக்டரிடம் போய், எடையைக் குறைக்கும் ஆபரேஷனுக்கு நாளும் குறித்துக்கொண்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளுக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. "இது எனக்கு வேண்டியதுதானா?" என்று வாய்விட்டுக் கேட்டும் விடுகிறாள்.

அவ்வளவுதான். அதுவரை இரண்டு கட்சிகளாக நின்று சண்டையிட்டவர்கள் ஒன்றுசேர்ந்து அவள்மீது பாய்கிறார்கள். ஆபரேஷன் கூடாது என்ற கட்சி, "நான் அப்போதே சொல்லவில்லையா? சோம்பேறிகளுக்குக் குறுக்கு வழி பலிக்குமா?" என்கிறது. வேண்டும் என்ற கட்சி, "முன்பணம் கட்டியாகிவிட்டது, லீவு போட்டாகிவிட்டது, இனி என்ன பயம்?" என்று அதட்டுகிறது. இருவருக்கும் அந்தச் சந்தேகம் ஒரு தொந்தரவு. அதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

எனக்கு இந்த இரண்டு கட்சிகளின்மீதும் கோபம் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

முதலில் குறுக்கு வழிக்காரர்கள். பசி என்பது ஒழுக்கத்தைச் சேர்ந்த விஷயம் என்பது இவர்களுடைய சித்தாந்தம். மெலிந்தவன் யோக்கியன், பருத்தவன் நாக்குக்கு அடிமை. நல்லது. 1944, 45-ஆம் வருஷங்களில் அமெரிக்காவின் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். எல்லாரும் திடகாத்திரமானவர்கள், கொள்கைக்காக யுத்தத்துக்குப் போக மறுத்த திட சித்தர்கள். அவர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு போட்டார்கள். அந்தக் கொள்கை வீரர்கள் என்ன ஆனார்கள்? சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் போனார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். சோதனை முடிந்து வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் பசி தீரவில்லை என்றார்கள். அவர்களையும் நாக்குக்கு அடிமைகள் என்று சொல்லிவிடலாமா?

1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். பசியைத் தூண்டுவது அது. பட்டினி கிடந்து இளைத்தவனுக்கு அது குறைவதில்லை, கூடுகிறது என்பது பிறகு தெரியவந்தது. 2016-இல் இன்னோர் ஆராய்ச்சி வெளிவந்தது. அமெரிக்க டெலிவிஷனில் எடை குறைக்கும் போட்டியில் கலந்துகொண்டு, பார்த்தவர்கள் பிரமிக்கும்படி இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தார்கள். பெரும்பாலோருக்குப் போன எடையில் பெரும் பகுதி திரும்பி வந்திருந்தது. அதைவிட முக்கியம், அவர்கள் உடம்பு செலவழிக்கவேண்டிய அளவைவிடத் தினம் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. இழந்ததை மீட்பதற்கு உடம்பு கஞ்சனாகிவிடுகிறது. உபதேசம் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆவலும் இல்லை.

சரி, அந்தக் குறுக்கு வழிதான் எப்படிப்பட்டது? இன்று அதிகமாகச் செய்யப்படும் ஆபரேஷனில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கும் மேலாக வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைக்காய்போல ஒரு குழாய். இன்னொரு வகையில், இரைப்பையின் மேல்பாகத்தை ஒரு கோழிமுட்டை அளவுக்குப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். அயோவா சர்வகலாசாலையில் எட்வர்ட் மேஸனும் இட்டோவும் 1966-இல் தொடங்கிவைத்த முறையின் வழி வந்தது இது. ஆபரேஷனுக்கு முன்னால் ஈரல் சுருங்குவதற்காகப் பத்துப் பதினைந்து நாள் அளந்து கொடுக்கும் ஆகாரம். பின்னால் சில வாரம் கஞ்சியும் கூழும். அதன்பிறகு ஆயுள் முழுவதும் பி-12, இரும்பு, கால்ஷியம் என்று மாத்திரைகள். வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. முடி உதிரலாம்; பித்தப்பையில் கல் சேரலாம்; நெஞ்செரிச்சல் நிரந்தரமாகக் குடியேறலாம். இது குறுக்கு வழி என்றால், நேர்வழி எப்படி இருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி இரண்டாவது கட்சி. இவர்களிடம் எனக்குக் கோபம் இன்னும் அதிகம். முதல் கட்சியிடம் இருப்பது அறியாமை. இவர்களுக்கு எல்லாம் தெரியும், தெரிந்ததைச் சொல்வதில்லை.

விளம்பரத் தட்டிகளைப் பாருங்கள். இடப்புறம் அழுது வடியும் ஒரு பருத்த உருவம். வலப்புறம் அதே உருவம் இளைத்து, பழைய கால்சட்டையின் இடுப்பை இழுத்துக் காட்டிச் சிரிக்கிறது. கீழே, சுலபத் தவணை வசதி உண்டு என்று ஒரு வரி. புடவைத் தள்ளுபடிக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்று தெரிகிறது: புடவை பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

சந்தேகப்பட்டவர்கள் சரியாகச் சந்தேகப்பட்ட காலமும் உண்டு. எடையைக் குறைக்க ஆபரேஷன் என்ற எண்ணம் 1950-களிலேயே அமெரிக்காவில் தோன்றிவிட்டது. சிறுகுடலின் பெரும்பாகத்தை விலக்கிவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பது அன்றைய முறை. எடை குறைந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். பிறகுதான் ஈரல் கெட்டது, சிறுநீரகத்தில் கற்கள் சேர்ந்தன, சிலர் மாண்டார்கள். 1980-களுக்குள் அந்த முறையே கைவிடப்பட்டது. அன்று, "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்" என்று எழுந்து வந்த நோயாளியையும் கோழை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இன்றைய ஆபரேஷன் அப்படிப்பட்டதல்ல. அதைச் சொல்லவேண்டியது என் கடமை. அமெரிக்காவில் 4,776 பேரைக் கவனித்து 2009-இல் வெளியான கணக்கின்படி, ஆபரேஷன் முடிந்து முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். 1987-இல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்ட ஆராய்ச்சியின் முடிவு 2007-இல் வெளிவந்தது. சராசரி பதினோரு வருஷத்தில், ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரில் 101 பேரும், செய்துகொள்ளாத 2,037 பேரில் 129 பேரும் இறந்திருந்தார்கள். ஆக, கத்தி உயிரைக் காப்பாற்றவும் செய்கிறது. ஆனால் அதே ஸ்வீடன் ஆராய்ச்சி இன்னொன்றும் சொல்கிறது: ஆபரேஷனுக்குப்பின் இரண்டாம் வருஷத்தில் நூற்றுக்கு 72 பேருக்கு நீரிழிவு விலகியிருந்தது, பத்தாம் வருஷத்தில் அது 36 ஆகிவிட்டது. குடலை இணைக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு சிலரை மதுப்பழக்கம் பற்றிக்கொள்வதாக 2012-இல் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி எச்சரித்தது. விளம்பரத் தட்டியில் இரண்டாம் வருஷத்துப் படம் இருக்கிறது. பத்தாம் வருஷத்துப் படம் எங்கே?

இதைக் கேட்பதற்குப் பெயர் கோழைத்தனமா?

வாசல் அகலமாகிக்கொண்டே வருகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தை ஓர் எண்ணாகக் குறிப்பார்கள். 1991-இல் அமெரிக்க நிபுணர்கள் அந்த எண் 40, அல்லது வேறு கடும் வியாதிகள் இருந்தால் 35 என்று வரம்பு வைத்தார்கள். 2022-இல் சர்வதேச டாக்டர் சங்கங்கள் அதைத் தளர்த்தி, ஆசியர்களுக்கு 27.5 இருந்தாலே இந்தச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லலாம் என்றன. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு அது சுமார் 66 கிலோ. நம் ராஜ்யத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு இந்த எண் 25-ஐத் தொட்டுவிட்டது என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தளர்த்தியதற்கு மருத்துவக் காரணங்கள் உண்டு; நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. அதை நான் மறுக்கவில்லை. உள்ளே வரக்கூடியவர்களின் தொகை பெருகப் பெருக, அவர்களுடைய கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்கிறவர்களின் தொகையும் பெருகவேண்டாமா?

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை இருக்கிறாள். வயது நாற்பத்து நான்கு. மாடியிலுள்ள வகுப்புக்கு ஏற முடியாமல் முழங்கால் தேய்ந்துவிட்டது. சர்க்கரை வியாதியும் உண்டு. ஆபரேஷனுக்கு நாள் குறித்தபின் ஒருநாள் என்னிடம் பேசினாள்.

"சாவுக்கு நான் பயப்படவில்லை, அண்ணா. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு நான் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருவேன். அந்த நேரம் ஒன்றுதான் எனக்கென்று உள்ளது. இனிமேல் நாலு வாயில் எழுந்துவிடவேண்டும். அப்புறம் நான் யார்? என்ன மனுஷி? இதைப்போய் டாக்டரிடம் கேட்கவா முடியும்?"

"கேட்டீர்களா?"

"கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் நாத்தனார், 'இதெல்லாம் டாக்டரிடம் பேசுகிற பேச்சா, அண்ணி? கையெழுத்தைப் போடுங்கள்' என்று காகிதத்தை நகர்த்திவிட்டாள்."

நாத்தனார் கெட்டவள் அல்ல. அண்ணி பிழைக்கவேண்டும் என்ற ஆசைதான் அவளுக்கு. ஆனால் அந்த ஒரு தள்ளலில் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டு 2008 ஜனவரியில் ஸமீரா கோஹ்லி வழக்கில் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்கென்று டில்லியில் ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போன பெண் மயக்க மருந்தில் கிடந்தபோது, வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கி அவளுடைய கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். தாயாரின் சம்மதம் செல்லாது என்றது கோர்ட்டு. சிகிச்சையின் தன்மை, அதன் அபாயம், வேறு வழிகள், செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குச் சொல்லியிருக்கவேண்டும். அதன்பின் அவள் மனமறிந்து கொடுப்பதுதான் சம்மதம் என்றது. பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை நாத்தனாருக்கும் புருஷனுக்கும் எங்கிருந்து வந்தது?

தீபாவளிச் சாப்பாட்டைப் பற்றிய கேள்வி மருத்துவக் கேள்விதான். ஆபரேஷனுக்குப்பின் தினம் மூன்று வேளை அவள் வாழப்போவது அந்தக் கேள்விக்குள்ளேதான். இதற்குப் பதில் சொல்லச் சர்ஜனுக்கு நேரமில்லை என்றால், ஆகார நிபுணரும் மன நிபுணரும் எதற்காக இருக்கிறார்கள்? ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதைச் செய்துகொண்ட ஒருவரோடு அவளைப் பேசவைப்பதில் என்ன சிரமம்?

சந்தேகப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. சந்தேகத்தை முழுதாகப் படுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். "செய்துகொண்டால் என்ன ஆகும்?" என்று கேட்கிற மனம், "செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும்?" என்றும் கேட்கவேண்டும். சும்மா இருப்பது அபாயமில்லாதது என்று நினைத்துக்கொள்வது சந்தேகமாகாது. அது பயம் போட்டுக்கொண்ட வேஷம். நீரிழிவு நாள் பார்த்துக் காத்திருப்பதில்லை. ஊசி மருந்து இருக்கிறதே என்பீர்கள். 2025-இல் அவை நம் நாட்டுக் கடைகளுக்கும் வந்துவிட்டன, நல்ல மருந்துகள்தாம். ஆனால் அவற்றில் ஒன்றான செமாக்ளூடைடை நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக 2022-இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கேட்டபின் செய்துகொள்வது என்று தீர்மானித்தால் தலை நிமிர்ந்து போங்கள். வேண்டாம் என்று தீர்மானித்தாலும் தலை நிமிர்ந்தே திரும்பி வாருங்கள். இரண்டில் எது என்று கதை எழுதுகிறவனோ, நாத்தனாரோ, தட்டியில் சிரிக்கும் உருவமோ உங்களுக்குச் சொல்ல முடியாது.

மற்றவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. அவள் கேட்கும்போது பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அழைத்துப் போங்கள். இரண்டும் முடியாவிட்டால் சும்மா இருங்கள். நாள் ஒரு மாதம் தள்ளிப்போனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் ஒருநாள் காலியாகக் கிடக்கும். முன்பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். நாத்தனார் இன்னொரு தடவை லீவு எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கும். இவையெல்லாம் சரிசெய்யக் கூடியவை. வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்ப வைத்துத் தைக்க இன்றுவரை ஒரு டாக்டரும் கற்றுக்கொள்ளவில்லை.