சாமை விலை ஏன் தாவுகிறது?

சென்ற திங்கள் ஒரு விலை, இத்திங்கள் வேறொரு விலை! தெருமுனையிலுள்ள சிறிய இயற்கை அங்காடிக்குச் சாமை வாங்க வருவோர் கடைக்காரரைக் கடிந்துகொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. நீரிழிவுக்கு அஞ்சி வரகுக்கு மாறியவர், "இது கொள்ளை" என்று முகத்துக்கு நேரே சொல்லிச் செல்கிறார். அக்கடைக்காரரோ இரண்டு மூட்டைச் சாமையும் ஒரு மூட்டை வரகும் வைத்துப் பிழைப்பவர். கொள்ளை நடப்பது மெய்யே. நடக்குமிடம் அந்தக் கடையன்று.

சாமை, வரகு, தினை, குதிரைவாலி ஆகியவை வானம் பார்த்த நிலத்தில் விளைபவை. மழை பொய்த்தால் விளைவும் பொய்க்கும். கொல்லிமலையிலும் சவ்வாது மலையிலும் அறுவடை முடிந்ததும், குதிரும் கிடங்கும் இல்லாத உழவன் கடனடைக்க அப்பொழுதே விற்கிறான். எல்லாரும் ஒருங்கே விற்க, விலை வீழ்கிறது. பெருவணிகன் அதை வாங்கி அடைத்து, வரத்து ஓய்ந்தபின் மெல்லத் திறக்கிறான். முதலும் இடமும் இல்லாத சிறு கடைக்காரர் ஒவ்வொரு முறையும் அவன் சொன்ன விலைக்கே வாங்க வேண்டும்.

இதனினும் பெரிய கேடு உமியில் இருக்கிறது. கம்பையும் கேழ்வரகையும் போலன்றி, இத்தவசங்களை உமி நீக்காமல் உண்ண இயலாது. வரகின் உமியோ பல அடுக்கு. முன்னாளில் மகளிர் சாமையை உரலிலிட்டுக் குற்றினர். வரகை மண்திரிகையில் திரித்தனர். அவ்வுழைப்பின் கடுமையே இவை அடுப்படியை விட்டு அகன்றதற்கு ஒரு கரணியம். ('பாட்டி காலத்து உணவு' என்று மேடையில் உருகுவோர் ஒருநாள் உலக்கை பிடித்துப் பார்க்கட்டும்!) நெல்லுக்கு ஊர்தோறும் ஆலை எழுந்தது, சாமைக்கு எழவில்லை. அதனால் தமிழகத்துச் சிறுதவசம் பெருமளவு மராட்டியத்து நாசிக்கு ஆலைகளுக்குப் போய், உமி நீங்கித் திரும்பும் நிலை வந்தது. எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உமியும் தவிடும் நொய்யுமாகக் கழியும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் அந்த உமிக்கும் சுமைகூலி கொடுத்தாக வேண்டும்! எரிநெய் விலை ஏறினால் சாமை விலையும் ஏறாமல் என்ன செய்யும்?

உமி நீங்கிய அரிசி நெடுநாள் நில்லாது. தவிட்டிலுள்ள நெய்ப்பு சிக்குநாற்றம் எடுக்கும், வண்டு விழும். விலை குறைந்தபோது வாங்கிக் குவித்துவைக்கும் வழியும் சிறு கடைக்கு அடைபடுகிறது. கெட்டுப்போன மூட்டையின் இழப்பு அடுத்த மூட்டையின் விலையில் ஏறுகிறது.

அரசு என்ன செய்தது? 2023ஆம் ஆண்டைச் சிறுதவசங்களின் பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. அவை கொண்டாடியது. விழாக்கள் நடந்தன, விருந்துகள் நடந்தன. ஆயினும் நடுவணரசு குறைந்த அளவு ஆதரவு விலை அறிவிப்பது சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றுக்கே; சாமைக்கும் வரகுக்கும் தினைக்கும் இல்லை. மாறாக, 2022 சூலை 18 முதல் பெயர் அச்சிட்டுக் கட்டிய சிறு பைத் தவசத்துக்கு 5 விழுக்காடு வரி விதித்தது. பைக்குள் இருப்பது கொல்லிமலைச் சாமை. மேலே அச்சிட்டிருப்பது 'லிட்டில் மில்லட்'. விளைவித்தவன் படிக்க முடியாத அப்பெயருக்கும் சேர்த்தே பேரங்காடிகளில் விலை வைக்கிறார்கள். தினை என்று எழுதினால் விற்காதாம்!

வழி இல்லாமல் இல்லை. 2023இல் தமிழக அரசு உழவரிடம் நேரே கேழ்வரகு வாங்கி, நீலமலை, தருமபுரி மாவட்டப் பங்கீட்டுக் கடைகளில் வழங்கத் தொடங்கியது. கேழ்வரகுக்கு இயன்றது சாமைக்கு ஏன் இயலாது? கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உமிநீக்கு பொறி வடித்துள்ளது. கொல்லிமலையில் சில ஊர்களில் மகளிர் குழுக்களே பொறியை இயக்கிக் காட்டியுள்ளன. அத்தகைய பொறியும் ஒரு கிடங்கும் தவசம் விளையும் ஒவ்வோர் ஊராட்சிக்கும் வேண்டும். கொல்லிமலையிலிருந்து சாமை கீழே இறங்கக் கடக்க வேண்டியவை 70 கொண்டையூசி வளைவுகளே. அதை நாசிக்கு வரை இழுத்தடிப்பானேன்?