எச்சரிக்கை மட்டும் காப்பாகுமா?

மீரியபெத்த என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழ் நெஞ்சங்கள் இன்றும் துணுக்குறும். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டத்தின் மலைச்சரிவு பெயர்ந்து வீழ்ந்து, லயங்களையும் அங்கிருந்த மக்களையும் மூடியது. அம்மலை சரியக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. ஆயினும் மக்கள் பெயர்ந்து செல்ல மாற்று வீடு கட்டப்படவில்லை. போக இடமில்லாதவரை நோக்கிப் ‘போய்விடுங்கள்’ என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்துவிடுமா?

இக்கேள்வியை இன்று வேறொரு சிறு விடயம் பற்றி எழுப்ப விரும்புகின்றேன். பச்சிளங் குழந்தைகளைப் பற்றும் கை, கால், வாய் நோயே அது. மண்சரிவோடு வைத்தெண்ணும் கொடுமை அதற்கில்லை. ஆனால் அதனைத் தடுக்கச் சொல்லப்படும் அறிவுரையும் அதே வழியில்தான் லயத்து வாசலை வந்தடைகின்றது.

முதலில் நோயை அறிவோம். கமக்காரர் பலர் இப்பெயரைக் கேட்டதும் மாட்டுக்கு வரும் கோமாரியை நினைப்பர். அது வேறு, இது வேறு. மாட்டிலிருந்து இந்நோய் குழந்தைக்கு வருவதில்லை. குடலில் வாழும் வைரசுக் கிருமிகள் சிலவே இதற்குக் காரணம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டோரையே இது பற்றும். கிருமி தொற்றி மூன்று முதல் ஆறு நாட்களில் காய்ச்சல் காணும். குழந்தை உணவை மறுக்கும், எச்சில் வடியும். அடுத்து வாயினுள் புண்களும், உள்ளங்கை, உள்ளங்கால், சில வேளை முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் சிவந்த புள்ளிகளும் கொப்புளங்களும் தோன்றும். அம்மை என்று மயங்குவோர் உளர். கொப்புளிப்பான் பெரிதும் மார்பிலும் முதுகிலும் தொடங்கி அரிப்பெடுக்கும். இதுவோ கை, கால், வாய் ஆகியவற்றையே நாடும். 2022 இல் கேரளத்தின் கொல்லத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பெரும் பீதி எழுந்தபோது, அதுவும் இந்நோயின் ஒரு வடிவமே என்று மருத்துவர் விளக்கினர்.

ஏழு முதல் பத்து நாட்களில் நோய் தானே நீங்கும். சில வாரங்களின் பின் நகம் கழன்று விழுந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை, மீண்டும் முளைக்கும். கிருமிக்கொல்லி மாத்திரைகளால் பயனில்லை. எடைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் போதும், அஸ்பிரின் கொடுத்தலாகாது. வாய்ப்புண்ணின் வலியால் குழந்தை நீர் அருந்தாது வாடுவதே முதல் ஆபத்து. ஆகவே ஆறிய கஞ்சி, இளநீர், தாய்ப்பால் ஆகியவற்றைச் சிறிது சிறிதாய்ப் புகட்டுக. புளிப்பும் உறைப்பும் வேண்டா.

எனினும் அசட்டை கூடாது. இக்கிருமிகளுள் ஒன்று மூளையையும் இதயத்தையும் தாக்கவல்லது. 1998 இல் தாய்வானில் 78 பேரை அது பலிகொண்டது. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், உறக்கத்தில் திடுக்கிட்டுத் துள்ளுதல், ஓயாத வாந்தி, தள்ளாடும் நடை, வேகமான மூச்சு, சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

இனித் தடுப்பு. எச்சில், மூக்குச்சளி, கொப்புளநீர், மலம் ஆகியவற்றால் நோய் பரவும். மலத்தில் பல வாரங்கள் கிருமி இருக்கும். கைக்குப் பூசும் மதுசார நீர்மம் இதற்கு எதிராக அத்துணை வலிதன்று; சவர்க்காரமும் ஓடும் நீருமே சிறந்தவை. குவளையும் துவாயும் பொதுவாதல் கூடாது. விளையாட்டுப் பொருட்களைக் கழுவி, குளோரின் கலந்த நீரால் துடைத்தல் வேண்டும். காய்ச்சலும் எச்சில் வடிதலும் நின்று, கொப்புளம் உலரும்வரை, ஏறத்தாழ ஒரு வாரம், குழந்தையைப் பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்பாதிருத்தல் வேண்டும்.

மருத்துவர் கூறுவது முற்றிலும் சரியே. ஆனால் அதை நிறைவேற்ற வேண்டியவள் யார்? ஊவாவின் தோட்டமொன்றில் ஒரு தாயிடம் இதனைச் சொன்னபோது அவர் தந்த விடை என் நெஞ்சில் தைத்தது: “ஐயா, புள்ளைய வூட்டுல வச்சிக்கலாங்க. ஆனா எனக்குப் பேரு யாரு போடுவா?” கொழுந்தெடுக்காத நாளுக்குப் பேர் இல்லை; பேர் இல்லையேல் கூலி இல்லை. இழப்பு அந்நாளோடும் நின்றதில்லை. 2016 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில், வேலை தரப்பட்ட நாட்களில் 75 சதவீதத்துக்கு வந்தவர்க்கே நாளுக்கு 60 ரூபாய் வருகைக் கொடுப்பனவு என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு வாரம் பிள்ளையைப் பார்த்தவள் மாதம் முழுதுக்குமான அத்தொகையையும் இழக்கக்கூடும். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட 200 ரூபாய் ஊக்குவிப்பும் வருகையோடு பிணைக்கப்பட்டதே. இந்நிலையில் காய்ச்சல் சற்றுத் தணிந்ததும் குழந்தை பிள்ளைக்காம்பராவுக்குச் செல்கின்றது. அங்குள்ள மற்றக் குழந்தைகளையும் நோய் பற்றுகின்றது. அத்தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எந்த நீதிமன்றத்துக்கு மனம் வரும்?

சட்டம் இங்கு முற்றாக ஊமையன்று. லயங்களையும் அவற்றின் சுற்றத்தையும் சுகாதாரமாய் வைத்திருப்பதும், தோட்டத்தில் எவர் நோயுற்றார் என்பதை அறிந்து ஆவன செய்வதும் தோட்ட அதிகாரியின் கடமை என 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே விதித்தது. வெள்ளைத்துரை காலத்துச் சட்டமே நோயறியும் பொறுப்பைத் தாயின் தலையில் மட்டும் சுமத்தவில்லை. நூறாண்டு கடந்த பின்னரும் பல லயங்களில் பீலித் தண்ணீரும் பொதுக் கக்கூசுமே கதியெனில், ‘கையைக் கழுவு’ என்ற சுவரொட்டி யாருக்காக?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. பிள்ளைக்குத் தொற்றுநோய் என்று மருத்துவர் சான்று தந்தால், தாய்க்கோ தந்தைக்கோ ஒரு வாரம் கூலியோடு விடுமுறை. வருகைக் கணக்கில் அந்நாட்களைக் குறைக்காமை. பிள்ளைக்காம்பரா ஒவ்வொன்றிலும் குழாய்நீர், சவர்க்காரம், தனித்தனிக் குவளை. இரண்டு குழந்தைகளுக்கு ஒருங்கே நோய் கண்டால் அன்றே சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல்.

இதற்குக் கோடிகள் வேண்டா. தொழிற்சங்கங்கள் அடுத்த ஊதியப் பேச்சில் முதற் கோரிக்கையை எழுதட்டும். சட்டம் கற்றோர் மனு வரையட்டும்; மருத்துவம் கற்றோர் தோட்டத்துக்கு வந்து நோயின் குறிகளைக் காட்டட்டும். மீரியபெத்தவில் எச்சரிக்கைக்கும் அழிவுக்கும் இடையே ஆண்டுகள் வீணாய்க் கழிந்தன. குழந்தைகள் விடயத்தில் ஒரு வாரமேனும் நாம் வீணாக்காதிருப்போமாக.