கூச்சப்படாமல் கேளுங்கள்!

வீடு எரிந்துவிட்டால் நம் ஊரில் என்ன செய்கிறார்கள்? "எல்லாம் தலைவிதி" என்று அழுகிறார்கள். சாம்பலைக் கூட்டி அள்ளுகிறார்கள். யாராவது உதவ வருவார்களா என்று வாசலைப் பார்க்கிறார்கள்.

இதில் இரண்டு தவறு உண்டு. சாம்பலை உடனே அள்ளுவது ஒன்று. உதவிக்காக மட்டும் காத்திருப்பது மற்றொன்று.

ராமநாதபுரம் சீமையில் தண்ணீருக்குத்தான் பஞ்சம். தீக்குப் பஞ்சம் இல்லை. ஊரைச் சுற்றிச் சீமைக் கருவேல முட்காடு. சித்திரை வெயிலில் அது காய்ந்து கிடக்கும்போது, அணைக்காமல் போட்ட ஒரு பீடித் துண்டு போதும். கடற்காற்று தீயை இழுத்து வந்து பனையோலைக் கூரையில் சேர்த்துவிடும்.

தீ ஒரு பக்கம் என்றால் புயல் மறு பக்கம். 1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் ரயில் பாலமும் உடைந்தது. பாலத்தை என்ஜினீயர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீர் செய்துவிட்டார்கள். தனுஷ்கோடி வீடுகளோ மறுபடி எழும்பவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற ஊர் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

பாலத்துக்கு ரயில்வே இருந்தது. ஏழையின் வீட்டுக்கு யார் இருந்தார்கள்?

இன்று வழி உண்டு

வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் செய்யலாம். 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பாலிசி 2021 ஏப்ரல் முதல் விற்பனையில் இருக்கிறது. தீ, காட்டுத் தீ, மின்னல், புயல், வெள்ளம் எல்லாம் இந்த ஒரே பாலிசியில் அடங்கும். கட்டடத்துக்கு இன்ஷூர் செய்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை வீட்டுச் சாமான்களுக்கும் பாதுகாப்பு உண்டு. அதற்கு உச்ச வரம்பு 10 லட்சம் ரூபாய்.

ஓலைக் கூரை வீட்டுக்கு நிபந்தனை வேறாக இருக்கலாம். பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பாங்கில் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாங்கே இன்ஷூரன்ஸ் செய்திருக்கும், வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்காது. நாளையே போய்க் கேளுங்கள்.

தீப்பிடித்த அன்று

முதலில் உயிர், பிறகு பொருள். தீயணைப்பு நிலையத்துக்கு 101 எண்ணில் போன் செய்யுங்கள்.

தீ அணைந்ததும் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். போனில் சொன்னாலும் எழுதியும் அனுப்புங்கள். எந்த நாள், எந்த நேரம், என்ன நடந்தது என்று நாலு வரி போதும்.

கரிந்த கட்டிலையும் வெடித்த பானையையும் அள்ளி எறியாதீர்கள். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் அவற்றைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் நீங்களே கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுங்கள். எரிந்த சாமான்களைப் பட்டியல் போடுங்கள். தாய்மார்களே, எந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். பட்டியலைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்களே!

தீயணைப்பு நிலையத்தில் சான்று கேளுங்கள். போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நிவாரணத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் மனுக் கொடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

"முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டினால் அவசரப்படாதீர்கள். படிக்கத் தெரிந்த மகனையோ மகளையோ படித்துக் காட்டச் சொல்லுங்கள். தொகை குறைவு என்றால் ஏன் என்று கேளுங்கள். இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். ஓராண்டுக்குள் எழுத வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை தர உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. கட்டணம் கிடையாது. வக்கீலும் வேண்டாம்.

இவ்வளவு இருந்தும் பலர் கேட்பதில்லை. அரசு ஆபீஸில் மனுவோடு நிற்பது போலவே கம்பெனி வாசலிலும் கைகட்டி நிற்கிறார்கள். இது தேவையில்லை. நிவாரணம் அரசாங்கம் இரங்கித் தருவது. நஷ்ட ஈடு, நீங்கள் கட்டிய பணத்துக்காகக் கம்பெனி உங்களுக்குப் பட்டிருக்கும் கடன். கடனைக் கேட்க யார் வெட்கப்படுவார்கள்?

மீனவர் சங்கங்களும் மகளிர் குழுக்களும் ஒரு கூட்டத்தை இதற்காக ஒதுக்கட்டும். பாலிசியை ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். வீடு நன்றாக நிற்கும்போதே இதைச் செய்ய வேண்டும். கூரையில் தீப்பிடித்த பிறகு பாலிசியைத் தேடினால், அதுவும் சேர்ந்து எரிந்து போயிருக்கும்!