வெள்ளி பூசிய உடம்பு



2025 செப்டம்பர் 18இல் ரோபோ சங்கர் செத்துப்போனார். 46 வயசு. மறுநாளே நம்ம பக்கத்து ஆட்களிலும் சிலர் 'குடிச்சுக் குடிச்சுச் செத்தான்' என்று கணக்கை முடித்துவிட்டார்கள். 2023இல் மஞ்சள்காமாலையில் உருக்குலைந்து மீண்டபோது தன் பழக்கங்களைப் பற்றி அந்த மனுசனே வெளிப்படையாகத்தான் பேசினார். அதைச் சொல்லிக்காட்ட நாம் தேவையில்லை. நாம் பேசவேண்டியது அவர் பார்த்த வேலையைப் பற்றி.

மதுரைக்காரர். தேகப்பயிற்சியில் ஏற்றிய உடம்பு. அதில் வெள்ளிநிறப் பெயிண்டைப் பூசிக்கொண்டு கிராமத்து மேடைகளில் ரோபோ மாதிரி ஆடினார். பேரே அப்படி வந்ததுதான். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, வேடசந்தூர் பக்கம் திருவிழாவில் விடிய விடிய உட்கார்ந்தவர்களுக்கு அந்த மாதிரி மேடை தெரியும். அந்தப் பூச்சு சோப்புக்குப் போகாது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்கணும். திண்டுக்கல் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி வெந்துபோன கைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தோலை விற்றுப் பிழைப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். (சங்கர் என்ன சாதி என்று நான் தேடவில்லை. அது இங்கே அவசியமுமில்லை.)

'சிரிப்பே கலகம், பபூன் பேச்சே எதிர்ப்பண்பாடு' என்று 90களில் நம் இதழ்களில் நிறைய எழுதினோம். நானும் கைதட்டினேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மேடைக்குக் காசு ஊர் வரியிலிருந்து வருகிறது. நம்மிடம் வரி வாங்கவே மறுக்கிற ஊர்கள் இன்னமும் இருக்கின்றன. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற நாட்டாமையைப் பபூன் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணிவிட முடியுமா? கறுத்தவனை, குண்டனை, பொம்பளையை, குறவனைப் பண்ணலாம். குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தடைபோட அரசுக்கு 2023 வரை ஆனது. அதுவும் குறவர் மக்கள் வருசக்கணக்கில் கத்தின பிறகு.

2005இல் விஜய் டிவியில் 'கலக்கப்போவது யாரு' வந்ததும் இந்த மேடை அப்படியே வீட்டுக்குள் வந்துவிட்டது. மைக் பிடிக்க சினிமாக் குடும்பத்தில் பிறக்க வேண்டியதில்லை என்று ஆனதே, அது சின்ன விசயமில்லை. சங்கர் அதில் ஏறினார். 'அது இது எது'வில் சிரிக்கவைத்தார். 'மாரி' (2015), 'விஸ்வாசம்' (2019) என்று சினிமாவுக்கும் போனார். ஆனால் சரக்கு அதே சரக்குதான்: அவனவன் உடம்பு. அவரோடு சிரிக்கவைத்த இன்னொரு மதுரைக்காரர் வடிவேல் பாலாஜி, பொம்பளை வேசம் கட்டியே பேர் வாங்கியவர், 2020 செப்டம்பர் 10இல் போனார்.

சங்கரைப் புனிதராக்க இதை எழுதவில்லை. 2023இல் ஒரு படவிழா மேடையில் உடன் நடித்த நடிகையின் காலைப் பற்றி அவர் பேசியது அசிங்கம். எவன் உடம்பு கேலிக்கு ஆளாகிறதோ, அவனே அடுத்த உடம்பைக் கேலிக்கு இழுக்கிறான். மேடை பழக்கிவிடுகிற புத்தி அது.

அதே மதுரையிலிருந்து வந்த வடிவேலு, காலமெல்லாம் அடிவாங்கிச் சிரிக்கவைத்தவர், 2023இல் 'மாமன்னன்' படத்தில் தனித்தொகுதி எம்.எல்.ஏ.வாக வந்தார். தியேட்டரில் ஒருத்தர் சிரிக்கவில்லை. அந்த முகத்தில் அத்தனை வலி இருந்தது நமக்கே அப்போதுதான் தெரிந்தது. சங்கருக்கு அப்படி ஒரு வேசத்தை யாரும் தரவில்லை. கொடுத்திருந்தால் செய்திருப்பார் என்றே எனக்குப் படுகிறது.

பங்குனி, சித்திரையில் நம்ம காலனி காளியம்மன் கோயிலுக்கும் மதுரையிலிருந்து செட்டு வரும். போன வருசம் பேசின காசில் பாதியைக் காலையில் பிடித்துக்கொண்டது ஊர்க்காரன் இல்லை, நம்ம கமிட்டிதான். வெள்ளி பூசி ஆடின பையன் அடிபம்புக்குப் பக்கத்தில் நின்று மண்ணெண்ணெய் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த வருசம் கமிட்டி கூடும்போது முதலில் அந்தப் பாக்கியைப் பேசுவோம்.