புத்தக ஜன்னல்: ஊரில் புத்தகக் கடை இல்லை... தானே திறந்தார் நாவலாசிரியர்!

ஒரு டீக்கடையை மூடினால், அடுத்த வாரமே எதிர்ப்பக்கம் இன்னொரு டீக்கடை முளைத்துவிடும். மளிகைக் கடை, மருந்துக்கடை எல்லாமே அப்படித்தான். ஆனால், புத்தகக் கடை? மூடிய ஷட்டர் மறுபடி திறக்கும்போது உள்ளே செல்போன் கடையோ பேக்கரியோதான் இருக்கும். புத்தகம் இருக்காது.

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லில் 2011-ல் அப்படி ஒரு நிலை வந்தது. 'ஐயோ, போச்சே' என்று எல்லோரும் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டதோடு நிற்காமல், கையிலிருந்த பணத்தைப் போட்டுக் கடையைத் திறந்தார் ஒருவர். அவருக்கு வியாபார அனுபவம் சுத்தமாகக் கிடையாது. நாவல் எழுதுவதுதான் வேலை. பெயர், ஆன் பேச்செட்.

அந்தக் கடை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி?

ஆறு மாதங்களுக்குள் இரண்டு பூட்டுகள்

நாஷ்வில் என்றதும் இசை ரசிகர்களுக்கு 'கன்ட்ரி மியூசிக்'தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த ஊருக்கு 'தென்னகத்தின் ஏதென்ஸ்' என்று இன்னொரு பட்டப்பெயரும் உண்டு. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நிறைந்த ஊர். கிரேக்கத்தின் பார்த்தெனான் கோயிலை அதே அளவில் அப்படியே கட்டி, பூங்காவின் நடுவே நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், 2010 டிசம்பரில் 'டேவிஸ்-கிட்' என்ற பெரிய புத்தகக் கடை மூடப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் ஆரம்பித்து, பிறகு வெளியூர் நிறுவனத்தின் கைக்குப் போன கடை அது. அடுத்த சில மாதங்களில் 'பார்டர்ஸ்' சங்கிலிக் கடையின் நாஷ்வில் கிளையும் மூடப்பட்டது. பழைய புத்தகக் கடைகள் இருந்தன. ஆனால், நேற்று வெளியான நாவலை இன்று கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்க, ஊருக்குள் சொல்லிக்கொள்ளும்படி ஓர் இடம் இல்லாமல்போனது.

'யாரும் படிப்பதில்லை, அதனால்தான் கடையை மூடிவிட்டார்கள்' என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால், இந்த இரண்டு கடைகளும் நஷ்டத்தில் ஓடவில்லை என்று பேச்செட் பின்னர் ஒரு கட்டுரையில் எழுதினார். சிக்கல் மேலே, தலைமை நிறுவனங்களில் இருந்தது. பார்டர்ஸ் நிறுவனம் 2011 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அந்த ஆண்டின் நடுவில், மிச்சமிருந்த சுமார் 400 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. 10,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது.

ஆக, ஊரில் வாசகர்கள் இருந்தார்கள். கடைதான் இல்லை. இந்தக் கணக்கை நம்பித்தான் அடுத்த அடியை எடுத்துவைத்தார் பேச்செட்.

எழுத்தாளரும் விற்பனைப் பிரதிநிதியும்

அப்போதே பேச்செட் பிரபலமான நாவலாசிரியர். 2001-ல் வெளியான 'பெல் கான்டோ' அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்திருந்தது. பணமும் பெயரும் இருந்தன. ஆனால், கடை நடத்தத் தெரியாது.

அதைத் தெரிந்தவர் கேரன் ஹேஸ். ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். எந்தப் புத்தகத்தை எத்தனை பிரதி எடுக்க வேண்டும், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும், எந்த அலமாரியில் எது நகரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சொந்தமாகக் கடை வைக்கும் ஆசை அவரிடம் இருந்தது. முதலீடு பேச்செட்டிடம் இருந்தது. பொதுவான தோழி ஒருவர் மூலம் இருவரும் சந்தித்தார்கள்.

2011 ஜூனில் பேச்செட்டின் 'ஸ்டேட் ஆஃப் வொண்டர்' நாவல் வெளியானது. அதற்காக ஊர் ஊராகப் பயணம் போனார். வழக்கமாக இப்படிப் போகும் எழுத்தாளர்கள் பேசுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், கிளம்பிவிடுவார்கள். பேச்செட் அந்தப் பயணத்தைத் தொழிற்கல்வியாக மாற்றிக்கொண்டார். போன கடையிலெல்லாம் முதலாளிகளிடம் கேள்வி கேட்டார். எது விற்கிறது, எது தூங்குகிறது, ஊழியர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார்.

சின்னதாக இருந்தால்தான் தாங்கும்!

முதல் முடிவு, கடையின் அளவு. டேவிஸ்-கிட் போலப் பிரமாண்டமாக வேண்டாம் என்பதில் தெளிவாக இருந்தார்கள். பேச்செட்டின் மனதில் இருந்தது, சிறுமியாக இருந்தபோது அவர் போய்வந்த 'மில்ஸ்' என்ற குட்டிக் கடை. அங்கிருந்தவர்களுக்கு உங்கள் பெயர் தெரியும். போன தடவை என்ன வாங்கினீர்கள் என்பது தெரியும். அடுத்து என்ன கொடுக்கலாம் என்பதும் தெரியும்.

இடம் கிடைத்தது, கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு வளாகத்தில். சுமார் 2,500 சதுர அடி. அதற்கு முன் அங்கே இருந்தது 'டேனிங் சலூன்'. அதாவது, விளக்கு வெளிச்சத்தில் படுத்து, வெள்ளைத் தோலைப் பழுப்பாக மாற்றிக்கொள்ளும் நிலையம். (சிவப்பழகு க்ரீம் விளம்பரங்களோடு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்!)

பெயர், 'பர்னாசஸ் புக்ஸ்'. கிரேக்கப் புராணத்தில் கலைத் தேவதைகள் வாழும் மலை பர்னாசஸ். 'தென்னகத்தின் ஏதென்ஸ்' ஊருக்குப் பொருத்தமான பெயர்.

2011 நவம்பர் 16-ம் தேதி கடை திறந்தது. அன்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் முதல் பக்கத்திலேயே செய்தி வந்தது. புத்தகக் கடைகள் மூடப்படும் செய்திகளுக்கு நடுவில், ஒரு கடை திறக்கப்பட்டதே பெரிய செய்தியாகிவிட்டது. அடுத்த ஆண்டு 'டைம்' இதழின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலிலும் பேச்செட் இடம்பெற்றார்.

சரி, காசு எங்கிருந்து வருகிறது?

புத்தக வியாபாரத்தின் கணக்கு கறாரானது. அமெரிக்காவில் புத்தகத்தின் விலையில் சுமார் 40 சதவிகிதத்தை ஒட்டி, கடைக்காரருக்குப் பதிப்பகம் கழிவு தரும். கேட்க நல்ல லாபம்போலத் தெரியும். வாடகை, சம்பளம், மின்சாரம், அனுப்பும் செலவு எல்லாம் போனால் மிஞ்சுவது சொற்பம். இன்னொரு பக்கம், அதே புத்தகத்தை ஆன்லைன் நிறுவனங்கள் பெரிய தள்ளுபடியில் வீட்டுக்கே அனுப்புகின்றன. விலையில் போட்டி போட்டால் சின்னக் கடை முதல் வருடத்திலேயே மூழ்கிவிடும்.

அதனால், விலையை விட்டுவிட்டு வேறு விஷயங்களில் கவனம் வைத்தார்கள்.

ஒன்று, சந்தா. 'முதல் பதிப்பு கிளப்' என்ற திட்டத்தில் சேர்ந்தால், எழுத்தாளர் கையெழுத்திட்ட முதல் பதிப்பு மாதந்தோறும் வீடு தேடி வரும். எந்தப் புத்தகம் என்பதைக் கடைதான் முடிவுசெய்யும். வாசகருக்கு அது சஸ்பென்ஸ் பரிசு. கடைக்கோ, மாதா மாதம் நிச்சயமான விற்பனை.

இரண்டு, கையெழுத்து. பேச்செட்டின் நாவல் வேறு எந்தக் கடையிலும் கிடைக்கும். அவர் கையெழுத்திட்ட பிரதி வேண்டுமென்றால், நிச்சயமாகக் கிடைக்கும் இடம் அவரது கடைதானே! மற்ற எழுத்தாளர்களும் அங்கே வந்து வாசகர்களைச் சந்திக்கிறார்கள்.

மூன்று, சிபாரிசு. புத்தகத்தைப் படித்துவிட்டு, 'இது உங்களுக்குப் பிடிக்கும்' என்று சொல்லும் ஊழியர்கள். பேச்செட்டே அலமாரிக்கு நடுவில் நின்று, அடுத்தவர்களின் புத்தகங்களை உற்சாகமாக விற்பார். கடையில் சுற்றித் திரியும் நாய்களுக்கும் தனி ரசிகர் கூட்டம் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. பேச்செட் செல்போன் வைத்துக்கொள்ளாதவர். சமூக வலைதளங்களில் அவருக்கென்று கணக்கு கிடையாது. ஆனால், கடையின் கணக்கில் வெளியாகும் வீடியோக்களில் தோன்றிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறார். அந்த வீடியோக்களை எத்தனையோ பேர் செல்போனில்தான் பார்க்கிறார்கள்!

பூட்டிய கடைக்குள் பார்சல் வேலை

2020 மார்ச். கொரோனா. கடைக்குள் யாரும் வர முடியாது. உட்கார்ந்து பேசுவதையும் புரட்டிப் பார்ப்பதையும் நம்பி நடக்கும் கடைக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது.

கதவைச் சாத்திவிட்டு, கடையையே பார்சல் கூடமாக மாற்றினார்கள். ஆர்டர் எடுப்பது, புத்தகங்களைப் பெட்டியில் அடுக்குவது, முகவரி ஒட்டுவது, காரில் வந்து காத்திருப்பவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பது. கடையை நம்பிக் குடும்பங்கள் இருந்தன. அந்தக் கடையிடம்தான் வாங்குவேன் என்ற வாசகர்களும் இருந்தார்கள். பர்னாசஸ் பிழைத்தது.

கேரன் ஹேஸ் 2022-ல் ஓய்வுபெற்றார். இப்போது முழுப் பொறுப்பும் பேச்செட்டுடையது. 2023 மார்ச்சில், அமெரிக்காவின் தேசிய மானுடவியல் பதக்கம் வெள்ளை மாளிகையில் அவருக்கு வழங்கப்பட்டது.

எழுத்தாளர் முதலாளிகள்

இந்த வரிசையில் பேச்செட் முதலாமவர் அல்ல, கடைசி ஆளும் அல்ல.

* மினியாபொலிஸ் நகரில் 2001-லிருந்து 'பர்ச்பார்க் புக்ஸ்' கடையை நடத்துகிறார் லூயிஸ் எர்ட்ரிச். அமெரிக்கப் பூர்வகுடி எழுத்தாளர்களின் புத்தகங்களுக்கு அங்கே தனி மரியாதை. எர்ட்ரிச் 2021-ல் புலிட்சர் பரிசு பெற்றவர்.

* குழந்தைகளுக்குப் பிடித்த 'டைரி ஆஃப் எ விம்பி கிட்' வரிசையின் ஆசிரியர் ஜெஃப் கின்னி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளைன்வில் என்ற சின்ன ஊரில் 2015-ல் கடை திறந்தார்.

* நியூயார்க்கின் புரூக்ளினில் 'புக்கோர்ட்' கடை 2016 இறுதியில் மூடப்பட்டது. முன்பு அங்கே வேலை பார்த்த நாவலாசிரியர் எம்மா ஸ்ட்ராப், சில மாதங்களிலேயே கணவரோடு சேர்ந்து அதே வட்டாரத்தில் 'புக்ஸ் ஆர் மேஜிக்' கடையைத் தொடங்கினார்.

* ஃப்ளோரிடாவில் பள்ளிகளிலிருந்து புத்தகங்கள் நீக்கப்படுவதைப் பார்த்த லாரன் கிராஃப், 2024-ல் கெய்ன்ஸ்வில் நகரில் 'தி லிங்க்ஸ்' கடையைத் திறந்தார். நீக்கப்பட்ட புத்தகங்களுக்கு அங்கே முன்வரிசை.

இது பிரபலங்களின் பொழுதுபோக்கு மட்டும்தானா? எண்கள் வேறு கதை சொல்கின்றன. அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கத்தில் 2009-ல் இருந்த தனிக்கடைகள் 1,651. 2018-ல் அது 2,470. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் ரயன் ராஃபெல்லி இதை ஆராய்ந்து, மூன்று காரணங்களைச் சொன்னார். ஊரோடு ஒட்டிய உறவு, தேர்ந்தெடுத்து அடுக்கிய புத்தகங்கள், மனிதர்கள் கூடும் இடம். மூன்றிலும் தள்ளுபடி என்ற வார்த்தையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எல்லாக் கடைகளும் தப்பிவிடவில்லை. பெயர்பெற்ற எழுத்தாளர் முதலாளியாக அமைவது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் இல்லாத கடைகளுக்கும் வாடகை மாதா மாதம் வந்து கதவைத் தட்டத்தான் செய்கிறது.

வாங்கிப் படிக்க மூன்று

பெல் கான்டோ - ஆன் பேச்செட்: தென் அமெரிக்க நாடொன்றில், பிறந்தநாள் விருந்துக்கு வந்தவர்களைத் துப்பாக்கிக்காரர்கள் சிறைபிடிக்கிறார்கள். பணயக்கைதிகளில் ஒருவர் ஓபரா பாடகி. பெருவில் ஜப்பான் தூதர் இல்லத்தில் 1996-ல் நடந்த சம்பவத்தின் தூண்டுதலில் பிறந்த கதை. பேச்செட் தன் கையாலேயே ஓரக் குறிப்புகள் எழுதிய சிறப்புப் பதிப்பு 2024-ல் வந்தது. 'இந்த இடத்தை இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம்' என்கிற ரீதியில் தன்னையே திருத்திக்கொள்கிறார்.

டாம் லேக் - ஆன் பேச்செட்: கொரோனா காலம். செர்ரி தோட்டத்தில் பழம் பறித்தபடியே, தன் இளமைக் காதலை மூன்று மகள்களுக்குச் சொல்கிறார் அம்மா. அவர் காதலித்தது, பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஒரு நடிகரை. எதைச் சொல்கிறார், எதை மறைக்கிறார் என்பதில்தான் சுவாரஸ்யம். ஒலிநூலுக்குக் குரல் கொடுத்திருப்பவர் மெரில் ஸ்ட்ரீப்.

தி சென்டன்ஸ் - லூயிஸ் எர்ட்ரிச்: மினியாபொலிஸில் ஒரு சின்னப் புத்தகக் கடை. செத்துப்போன வாடிக்கையாளர் ஒருவர் ஆவியாகத் திரும்பி வருகிறார். 'இருக்கும்போதும் தொல்லை, இறந்த பிறகும் தொல்லை' ரகம். கொரோனாவும், ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணமும் நகரத்தை உலுக்கிய ஆண்டு கண்முன் விரிகிறது.

கடைசியாக ஒரு விஷயம். கடைக்கு வந்து புத்தகத்தைப் புரட்டி, ஊழியரிடம் யோசனை கேட்டு, அட்டையை போட்டோ எடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டியதும் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மிச்சமாகும் பணம் உண்மைதான். அதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால், புரட்டிப் பார்க்க அந்த அலமாரியும், யோசனை சொல்ல அந்த மனிதரும் அடுத்த வருடமும் அங்கே இருக்க வேண்டும் என்றால், சில புத்தகங்களையாவது அங்கேயே வாங்கியாக வேண்டும். நாஷ்வில்காரர்கள் அதைக் கடை போன பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலோ, கோயில் தெரு முனையிலோ ஒரு சின்னப் புத்தகக் கடை இன்னும் திறந்திருக்கிறதா? இந்த வாரம் ஒருமுறை உள்ளே போய்விட்டு வாருங்கள்.